பார்வை நரம்புக் கட்டியை டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பார்வை நரம்பில் வரும் கட்டி பெரும்பாலும் வலிக்காது. கண் சிவக்காது, பீளை தள்ளாது. அதனால்தான் குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைந்துகொண்டே போனாலும் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும். இன்னொரு கண் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் நல்ல கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கும்போதுதான் மற்றதில் ஒன்றும் தெரியவில்லை என்பது புரியும். அப்புறம் கண்ணாடிக் கடைக்குப் போவார், பவர் மாற்றிப் பார்ப்பார்கள், தேறாது, "புரை ஆரம்பிச்சிருக்கும்" என்று யாராவது சொல்வார்கள், ஆறு மாதம் ஓடிவிடும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வேலை பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கள், ஆப்டோமெட்ரி படிக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தலைமையில் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் ஆரம்பித்தது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய இடம் நமக்குத் தூரமில்லை. தாமதம் நடப்பது முதல் பரிசோதனையில். அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தால்: கண்மணியின் அசைவைப் பார்க்காமலே விரிய வைக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடுகிறோம். அந்தச் சொட்டு விழுந்த பிறகு அன்றைக்கு இருந்த முக்கியமான தடயம் போய்விட்டது என்று அர்த்தம்.

முதலில் யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு கட்டிகள்தான் முக்கியம். ஒன்று நரம்புக்குள்ளேயே வளரும் க்ளையோமா. இது குழந்தைகளின் நோய், பெரும்பாலும் முதல் பத்து வயதுக்குள் வரும், மெதுவாக வளரும், நியூரோஃபைப்ரோமடோசிஸ் (தோலிலும் நரம்பிலும் அடையாளம் காட்டும் மரபு நோய்) முதல் வகை உள்ள பிள்ளைகளிடம் அதிகம். இன்னொன்று நரம்பைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெனிஞ்சியோமா. இது நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். பெரியவர்களுக்கு வரும் வீரியமான க்ளையோமா ஒன்றும் உண்டு, அபூர்வம். சில வாரங்களில், சில மாதங்களில் பார்வையைப் பறித்து உயிருக்கே உலை வைக்கும். ரத்தப் புற்றுநோயும் வேறு இடத்துப் புற்றுநோயும் நரம்புக்குள் ஊடுருவலாம். ஆனால் கை பழக வேண்டியது முதல் இரண்டில்தான்.

கேள்வியிலேயே பாதி வேலை முடியும். "எப்போ இருந்து?" என்று கேட்டால் எல்லோரும் "ஒரு வாரமா" என்பார்கள், ஏனென்றால் அவர்கள் கவனித்ததே ஒரு வாரம் முன்னால்தான். "அதுக்கு முன்னாடி எப்பவாவது இந்தக் கண்ணை மட்டும் தனியா மூடிப் பார்த்தீங்களா அக்கா?" என்று கேளுங்கள். கண்ணை அசைத்தால் வலிக்கிறதா என்பது அடுத்தது. பார்வை நரம்பு அழற்சியில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த வலி இருக்கும், பார்வை சில நாட்களில் சட்டென்று இறங்கும், பிறகு சில வாரங்களில் தேற ஆரம்பிக்கும். வலியே இல்லாமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும் பார்வையை அழற்சி என்று எழுதிவிட்டு ஸ்டீராய்டு போடாதீர்கள். காசநோய்க்கு எத்தாம்பூட்டால் சாப்பிடுகிறாரா, கள்ளச்சாராயம் குடித்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். இவை இரண்டும் இரண்டு கண்ணையும் சேர்த்து அடிக்கும், கட்டியோ பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பிக்கும்.

பார்வை, நிறம், வெளிச்சம்

ஒவ்வொரு கண்ணாக, 6 மீட்டர் தூரத்தில், போடும் கண்ணாடியோடு, பிறகு சிறு துளை வழியாக. துளை வழியாகப் பார்த்து வரி ஏறினால் கண்ணாடிப் பவர் பிரச்சினையாக இருக்கலாம். ஏறவில்லை, லென்ஸும் தெளிவாக இருக்கிறது என்றால் கோளாறைக் கண்ணின் பின்பக்கம் தேட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது மட்டும் படித்தவர்கள் வருவார்கள், எழுத்தே தெரியாதவர்களும் வருவார்கள், ஆங்கில E எழுத்து திரும்பித் திரும்பி இருக்கும் அட்டை ஒன்று மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

ஒன்று சொல்கிறேன், 6/6, அதாவது முழுப் பார்வை, என்று வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நரம்பு கெட ஆரம்பிக்கும்போது எழுத்து தெரியும், ஆனால் நிறம் வெளுக்கும். நிறப்பார்வை சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தை ஒரு கண்ணுக்கு ஒரு முறை தனித்தனியாகக் காட்ட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக் காட்டுவதில் பயனே இல்லை. பிறவியிலேயே சிவப்பு பச்சை குழம்பும் ஆண்கள் உண்டு, அவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே மாதிரி தவறும். ஒரு கண் 15 பக்கம் சரியாகச் சொல்லி மறு கண் 4 பக்கத்தில் திணறினால் அது பிறவிக் கோளாறு இல்லை.

புத்தகம் இல்லையா, ஒரு சிவப்பு மூடி போதும், மருந்து பாட்டில் மூடியோ குங்கும டப்பாவோ. நல்ல கண்ணில் காட்டி, மறு கண்ணில் காட்டி, "ரெண்டும் ஒரே சிவப்பா?" என்று கேளுங்கள். "அது பளிச்சுன்னு இருக்கு, இது மண் கலர்ல இருக்கு" என்று பதில் வரும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்கள் இதை நம்மை விட நுணுக்கமாகச் சொல்வார்கள். வெளிச்சத்துக்கும் இதே முறைதான்: டார்ச்சை நல்ல கண்ணில் காட்டி "இது ஒரு ரூபாய்ன்னா, அது எத்தனை பைசா?" என்றால் "நாற்பது பைசா இருக்கும்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த நாற்பதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த முறை முப்பது என்றால் அதுவும் ஒரு சேதி.

கண்மணி: இங்கேதான் நிதானம் வேண்டும்

அறையை இருட்டாக்குங்கள். மே மாதம் வேலூரில் ஜன்னலைச் சாத்திவிட்டு நிற்பது கஷ்டம்தான், ஆனாலும் சாத்துங்கள். நோயாளியைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையோ டார்ச்சையோ பார்த்தால் கிட்டப் பார்வைக்காகவே கண்மணி சுருங்கிவிடும், பரிசோதனை கெட்டுப்போகும். டார்ச் பளிச்சென்று எரிய வேண்டும். சார்ஜ் தீர்ந்துபோன மஞ்சள் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. நேர் முன்னால் பிடிக்காமல் கொஞ்சம் கீழிருந்து காட்டுங்கள்.

வலது கண்ணில் இரண்டு மூன்று நொடி. சட்டென்று மூக்கைத் தாண்டி இடது கண்ணுக்கு. அங்கேயும் அதே இரண்டு மூன்று நொடி. மறுபடி வலது. ஒரு கண்ணில் அதிக நேரம் நின்றுவிட்டால் அந்தக் கண் வெளுத்துப்போய் இல்லாத குறையைக் காட்டும், அதனால் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நகர்த்துங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வெளிச்சம் வந்து விழுந்ததும் நடக்கும் முதல் அசைவை. நல்ல கண்ணில் கண்மணி சுருங்கும் அல்லது அப்படியே நிற்கும். நரம்பு கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் சுருங்க வேண்டிய கண்மணி மெல்ல விரியும். அதுதான் ஆர்.ஏ.பி.டி. (ரிலேட்டிவ் அஃபரன்ட் பியூப்பிலரி டிஃபெக்ட்). ஒரு தடவை பார்த்துவிட்டு "இருக்கிற மாதிரி இருக்கு" என்று எழுதாதீர்கள், நான்கைந்து முறை மாற்றி மாற்றிக் காட்டி ஒவ்வொரு முறையும் அதே பக்கம் விரிகிறதா என்று பாருங்கள்.

இதில் குழப்புகிற விஷயங்கள் சில. பார்வை நரம்பு மட்டும் கெட்டிருந்தால் இரண்டு கண்மணியும் ஒரே அளவில்தான் இருக்கும், ஏனென்றால் நல்ல கண் வாங்கும் வெளிச்சம் இரண்டையும் சேர்த்துச் சுருக்குகிறது. அளவு வித்தியாசம் இருந்தால் வேறொரு நரம்பையும் யோசியுங்கள். கண்புரை எவ்வளவு முற்றியிருந்தாலும் அந்தக் கண்ணில் ஆர்.ஏ.பி.டி. வராது, எனவே புரையும் ஆர்.ஏ.பி.டி.யும் சேர்ந்திருந்தால் புரை அறுவை மட்டும் போதாது. சோம்பேறிக் கண்ணில் வந்தாலும் லேசாகத்தான் வரும். பழைய அடி, பழைய அறுவை காரணமாக ஒரு கண்மணி அசையவே அசையாது என்றால், அசையும் கண்மணியை மட்டும் கவனித்துக்கொண்டு டார்ச்சை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கெட்ட கண்ணில் வெளிச்சம் அடிக்கும்போது அந்த ஒரே கண்மணி விரிந்தால் முடிவு கிடைத்துவிட்டது. இரண்டு நரம்பும் ஒரே அளவு கெட்டிருந்தாலோ ஆர்.ஏ.பி.டி. தெரியவே தெரியாது, இரண்டும் மந்தமாகத்தான் அசையும். குழந்தைகளின் க்ளையோமா இரண்டு நரம்பும் சேரும் கயாஸ்மாவில் உட்கார்ந்திருந்தால் இப்படி நடக்கும்.

பார்வைப் புலம், விரலும் சிவப்பு மூடியும் வைத்து

ஒரு மீட்டர் தூரத்தில் எதிரெதிரே உட்காருங்கள். அவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடட்டும் (விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள், கவனியுங்கள்), நீங்கள் அதற்கு எதிரே உள்ள உங்கள் கண்ணை மூடுங்கள். "நேரா என் மூக்கையே பாருங்க, விரலைப் பார்க்காதீங்க." நான்கு மூலையிலும் விரல் எண்ணச் சொல்லுங்கள். பிறகு சிவப்பு மூடியை நடுவில் காட்டி, ஓரத்தில் காட்டி, எங்கே நிறம் நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். ஓரத்தில் சிவப்பாக இருக்கிறது, நடுவில் மங்குகிறது என்றால் மையத்தில் ஓட்டை.

பாதிக்கப்பட்ட கண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நல்ல கண்ணின் மேல் வெளிப்புற மூலையில் விரல் தெரியவில்லை என்றால், கட்டி நரம்பின் பின்கோடிக்கு, கயாஸ்மாவோடு சேரும் இடத்துக்குப் போய்விட்டது. ஒரு கண்ணில் மையக் குறை, மறு கண்ணில் மேல் வெளிமூலைக் குறை என்பது அந்தச் சந்திப்பைக் கைகாட்டும். நோயாளி அந்தக் கண்ணைப் பற்றி ஒரு புகாரும் சொல்லியிருக்க மாட்டார்.

கண் முன்னுக்குத் தள்ளியிருக்கிறதா

நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, நெற்றிக்கு மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு கண் இமைக்கு மேல் அதிகம் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய கல்யாண ஆல்பம், ஆதார் அட்டைப் படம் எதையாவது கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். கண் எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்று அளக்கும் ஹெர்ட்டல் கருவி இருந்தால் இரண்டு கண்ணுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பொருட்படுத்த வேண்டும். கருவியின் அடி அளவையும் எழுதுங்கள். அடுத்த முறை அதே அடி அளவில் வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

நரம்புக் கட்டி கண்ணை நேராக முன்னுக்குத் தள்ளும், ஏனென்றால் அது தசைகளின் கூம்புக்கு நடுவில் இருக்கிறது. கண் கீழேயோ பக்கவாட்டிலோ நகர்ந்திருந்தால் வேறு இடத்துக் கட்டியை முதலில் நினையுங்கள், க்ளையோமா பெரிதாகும்போது கொஞ்சம் கீழே தள்ளுவதும் உண்டு. எனக்குப் பெரிதும் கைகொடுக்கும் கேள்வி, முதலில் வந்தது பார்வைக் குறைவா, பிதுக்கமா என்பது. கண் நிறையப் பிதுங்கியிருந்தும் பார்வை நன்றாக இருந்தால், கட்டி நரம்புக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். பிதுக்கம் கொஞ்சமாக இருந்து பார்வை மோசமாக இருந்தால் உறை மெனிஞ்சியோமா முன்னுக்கு வருகிறது.

மூடிய இமை மேல் இரண்டு ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்தி இரண்டு பக்கத் தடையையும் ஒப்பிடுங்கள், பலமாக அமுக்க வேண்டாம். கண் நாடியோடு துடிக்கிறதா என்றும் பாருங்கள். நியூரோஃபைப்ரோமடோசிஸில் கண்குழியின் பின்சுவர் எலும்பே இல்லாமல் மூளையின் துடிப்பு தெரியலாம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரைச்சல் கேட்டால் அது ரத்தக் குழாய்க் கோளாறு, பாதை வேறு.

பிறகு கண் அசைவு. எல்லாத் திசையிலும் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்ததும் இன்னொன்று செய்யுங்கள்: ஓரத்தில் ஒரு பொருளைப் பத்து நொடி விடாமல் பார்க்கச் சொல்லி, "இப்போ மங்குதா?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட திசையில் பார்க்கும்போது மட்டும் பார்வை இருண்டு, நேராகத் திரும்பியதும் வந்துவிட்டால் கண்குழிக்குள் நரம்பை ஏதோ நசுக்குகிறது. நோயாளிகள் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

குழந்தையாக இருந்தால்

சின்னப் பிள்ளை அட்டையைப் படிக்காது. அம்மா மடியில் உட்கார வைத்து, சத்தம் வராத பொம்மையைக் காட்டுங்கள். கிலுகிலுப்பை வேண்டாம், காதால் கேட்டுத் திரும்பும், கண் பார்த்ததாக நாம் ஏமாந்துபோவோம். அம்மாவின் கையாலேயே ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழுதால், மூடப்பட்டதுதான் நல்ல கண்.

மாறுகண் இருந்தால் "அதிர்ஷ்டம்" என்று சொல்லி விட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக வந்த மாறுகண் எதுவாக இருந்தாலும் கண்மணியையும் விழித்திரையையும் பார்க்காமல் விடக் கூடாது. கண் பொடிப்பொடியாக ஆடுவது, அதுவும் ஒரு கண்ணில் அதிகமாக, கூடவே தலையை ஆட்டுவது, கழுத்தைச் சாய்ப்பது இவையெல்லாம் சேர்ந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அங்கன்வாடி எடை அட்டையையும் வாங்கிப் பாருங்கள். கைக்குழந்தை நன்றாகச் சாப்பிட்டும், சிரித்து விளையாடியும், எடை மட்டும் ஏறாமல் எலும்பும் தோலுமாக இருந்தால் கட்டி ஹைப்போதலாமஸ் (மூளையின் அடியில் பசியையும் ஹார்மோன்களையும் கட்டுப்படுத்தும் பகுதி) வரை போயிருக்கலாம். பெரிய பிள்ளை வயதுக்கு முன்பே பருவமடைந்தாலும் அதே சந்தேகம்.

அப்புறம் சட்டையைக் கழற்றுங்கள். பால் காபி நிறத்தில் சமதளமான புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ, பருவத்துக்கு முன் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல், பருவத்துக்குப் பின் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையை நினையுங்கள். வீட்டில் "பிறவி மச்சம்" என்று சொல்லிவைத்திருப்பார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப் புள்ளிகளைத் தேடுங்கள், வெயில் படாத இடத்தில் அவை இருப்பது அர்த்தமுள்ளது. ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) ஐரிஸ் மேல், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் பகுதி மேல், சின்னச் சின்ன மேடுகள் தெரியும், லிஷ் முடிச்சுகள். நம் பழுப்புக் கண்களில் அவை சுற்றியுள்ள நிறத்தை விட வெளிறி இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் வந்திருக்காது, அதனால் அப்பா அம்மா இருவரையும் ஸ்லிட் லாம்ப்பில் உட்கார வையுங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருகிறது. இந்த நோய் உள்ள பிள்ளைகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பார்வைப் பாதையில் க்ளையோமா இருக்கும். எனவே புகார் இல்லாவிட்டாலும் குறைந்தது 8 வயது வரை ஆண்டுதோறும் கண் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் எடுங்கள், சிறுநீரகத் தமனி குறுகுவது இவர்களிடம் உண்டு. பிள்ளைக்கு உறை மெனிஞ்சியோமா என்று வந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் இரண்டாம் வகையை நினைத்துக் காது கேட்பதைச் சோதியுங்கள்.

இப்போதுதான் சொட்டு மருந்து

கண்மணி பார்த்து எழுதியாயிற்று என்றால் விரிய வையுங்கள். டிஸ்க்கை, அதாவது கண்ணுக்குள் தெரியும் பார்வை நரம்பின் முனையை, இரண்டு கண்ணிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டி ஆரம்பத்தில் டிஸ்க்கை வீங்க வைக்கும், நாளாக ஆக வெளிற வைக்கும். க்ளையோமாவில் இரண்டில் எதுவும் இருக்கலாம், கட்டி பின்னால் தள்ளி இருந்தால் டிஸ்க் ஆரம்பத்தில் சாதாரணமாகவே தெரியும், ஆர்.ஏ.பி.டி. மட்டும் இருக்கும். டிஸ்க் நார்மல் என்பதால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

மெனிஞ்சியோமாவில் ஒரு விசேஷமான காட்சி உண்டு. டிஸ்க்கின் விளிம்பில் சுருண்டு வளைந்த ஒரு தடித்த சிரை, விழித்திரைச் சிரையிலிருந்து கிளம்பி ஓரத்தில் போய்ச் சட்டென்று மறைந்துவிடும். நரம்புக்குள் ரத்தம் திரும்ப வழியில்லாமல் கோராய்டு (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக் குழாய்ப் படலம்) பக்கம் திருப்பிவிடப்பட்ட பாதை அது, ஆப்டோசிலியரி ஷன்ட் என்பார்கள். பார்வை இழப்பு, வெளிறிய டிஸ்க், இந்த ஷன்ட் மூன்றும் சேர்ந்தால் ஹாய்ட்–ஸ்பென்சர் முக்குறி. ஆனால் ஷன்ட் மூன்றில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும், அடைபட்ட விழித்திரைச் சிரையிலும் கிளாக்கோமாவிலும் கூட வரும், எனவே அது இல்லை என்பதால் மெனிஞ்சியோமாவைத் தள்ளிவிடாதீர்கள். கண் பந்தின் பின்புறம் அழுந்தி கோராய்டில் மடிப்புக் கோடுகள் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதே காரணத்தால் திடீரென்று பிளஸ் பவர் ஏறியிருக்கும். "போன வருஷம்தான் கண்ணாடி மாத்தினேன், மறுபடியும் பவர் ஏறிடுச்சு" என்று ஒரு கண்ணுக்கு மட்டும் சொன்னால் காது கொடுங்கள்.

ஒரு டிஸ்க் வெளிறி, மறு டிஸ்க் வீங்கியிருந்தால் அது ஃபாஸ்டர் கென்னடி 1911-இல் விவரித்த காட்சி. முன் மூளையின் அடியில் கட்டி இருக்கலாம். காபித்தூளை ஒரு மூக்குத் துவாரம் ஒரு துவாரமாக முகரச் சொல்லிச் சோதியுங்கள்.

ஸ்கேன், கடிதம்

"தலை ஸ்கேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் சாதாரண மூளை சி.டி.யில் நரம்புக் கட்டி தப்பிவிடக்கூடும். "கண்குழி மற்றும் மூளை எம்.ஆர்.ஐ., மருந்து ஏற்றி, கொழுப்பு அடக்கும் முறையில்" என்று முழுதாக எழுதுங்கள். க்ளையோமாவில் நரம்பே நடுவில் தடித்து வளைந்திருக்கும். மெனிஞ்சியோமாவில் நரம்பு நடுவே மெலிதாகவும் இரு பக்கமும் உறை மட்டும் பளிச்சென்று தண்டவாளம் போலவும் தெரியும். ஸ்கேன் தெளிவாக இருந்தால் சதைச் சோதனை பெரும்பாலும் வேண்டாம், அதுவே மீதிப் பார்வையைக் கெடுக்கலாம்.

அனுப்பும் கடிதத்தில் இரண்டு கண்ணின் பார்வை, நிறப் பக்கங்களின் எண்ணிக்கை, பைசாக் கணக்கு, சொட்டு விடுவதற்கு முன் பார்த்த ஆர்.ஏ.பி.டி. எந்தக் கண்ணில், நான்கு மூலைப் புலம், ஹெர்ட்டல் அளவு, டிஸ்க், தோல் இவ்வளவும் தேதியோடு இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பழைய கண்ணாடிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பெற்றோரிடம் "கட்டி" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். குழந்தைகளின் க்ளையோமா பல நேரம் வளராமல் நின்றுவிடுகிறது, சிலருக்குக் கவனித்துக்கொண்டிருப்பதே போதும் என்று அங்கேயே சொல்லி அனுப்புங்கள். ஆனால் ஸ்கேனுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்றும் சொல்லுங்கள். கடிதத்தை அவர்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொடுத்து, அடுத்த வாரம் கூப்பிட்டுப் போனார்களா என்று கேளுங்கள்.